மேல்நிலமும் அடிநிலமும்: ராணிகஞ்ச் நிலக்கரிக் குடியிருப்புகளின் வரலாறு

முன்னுரை

சுரங்க நகரம் என்றவுடன் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவன கோலார் தங்கவயலும் நெய்வேலியுமாகும். தமிழர் உழைப்பாலும் தமிழ் நிலத்தாலும் உருவான இவ்விரு ஊர்களும் ஆய்வாளர்தம் கவனத்தை ஓரளவு பெற்றுள்ளன. ஆயின் இந்தியாவில் நிலக்கரித் தொழிலின் தொடக்கம் இவற்றினின்றும் வெகு தொலைவில், மேற்கு வங்காளத்தின் தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து (இன்றைய கொல்கத்தா) இருப்புப்பாதை வழியே 121 மைல் தொலைவிலுள்ள ராணிகஞ்சும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கல்கத்தாவின் ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் அடுப்புகளுக்கும் கரி வழங்கி வந்தன.

சுரங்க நகரங்களின் வரலாற்றைக் கூலி, வேலைநிறுத்தம், விபத்து ஆகியவற்றின் வழி எழுதுவது பெருவழக்கு. ராணிகஞ்சைப் பொறுத்தவரை அவற்றுக்கு முன்பாக நோக்கத்தக்கது நிலவுடைமையாகும். இங்குக் கம்பெனி தொழிலாளரை வேலைக்கு அமர்த்தியது மட்டுமன்று. அவர்கள் குடியிருந்த நிலத்தின் ஜமீன்தாராகவும் விளங்கியது. நிலத்தை மேல்நிலம், அடிநிலம் எனப் பிரித்து, முன்னதைக் கொடுத்துப் பின்னதைத் தோண்டச் செய்த ஏற்பாடே இவ்வூரின் அமைப்பையும் இன்றைய அவலத்தையும் வடிவமைத்தது என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரியும் ஆறும்

கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களான ஜான் சம்னர், சூட்டோனியஸ் கிராண்ட் ஹீட்லி ஆகியோர் 1774-ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸின் இசைவு பெற்றுத் தாமோதர்க் கரையில் நிலக்கரி எடுக்கத் தொடங்கினர். அவர்கள் அனுப்பிய கரி கல்கத்தாவில் சோதிக்கப்பட்டபோது இங்கிலாந்துக் கரிக்கு ஈடாகாது என ஒதுக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அம்முயற்சி கைவிடப்பட்டுக் கிடந்தது.

1814-15-இல் ஜோன்ஸ் என்னும் பொறியாளர் அரசின் ஆதரவுடன் மீண்டும் அங்குச் சென்று சுரங்கம் திறந்தார். அந்நிலம் பர்த்வான் அரச குடும்பத்திற்கு உரியது. 'கஞ்ச்' என்பது சந்தையைக் குறிக்கும் சொல். பர்த்வான் ராணியின் சந்தை என்னும் பொருளிலேயே இவ்வூர்ப் பெயர் அமைந்ததாகக் கூறுவர். ஜோன்ஸுக்குப் பின் அச்சுரங்கம் கல்கத்தாவின் அலெக்சாண்டர் அண்டு கம்பெனி என்னும் வணிக நிறுவனத்தின் கைக்கு மாறியது.

இக்காலத்தில் கரிக்கான தேவை கல்கத்தாவில் பெருகத் தொடங்கியது. 1823-இல் கல்கத்தாவில் 'டயானா' என்னும் நீராவிப் படகு நீரில் இறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய பர்மியப் போரில் அது பயன்பட்டது. 1829-இல் நீராவி இயந்திரங்களுடன் புதிய நாணயச்சாலை இயங்கத் தொடங்கியது. 1830-களில் கங்கையில் அரசின் நீராவிக் கலங்கள் ஓடின. தரத்தில் தாழ்ந்தது எனத் தள்ளப்பட்ட கரி, கப்பலேறி வரும் இங்கிலாந்துக் கரியைவிட விலை மலிவானது என்னும் காரணத்தால் ஏற்கப்பட்டது.

எனினும் கரியைத் தோண்டுவதினும் அதனைக் கல்கத்தாவுக்குக் கொண்டு சேர்ப்பதே கடினமாயிருந்தது. தாமோதர் மழைக்காலத்து ஆறு. வெள்ளம் பெருகும் சில வாரங்களில் மட்டுமே கரிப்படகு மிதக்கும். எஞ்சிய காலத்தில் ஆறு மணற்பரப்பாகக் கிடக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் வெட்டிய கரி ஆற்றங்கரைப் படித்துறைகளில் குவிக்கப்பட்டு, வெள்ளம் வந்ததும் ஆம்தா வரை படகில் கொண்டு செல்லப்பட்டது. அங்குக் கிடங்கில் சேர்த்து வைத்து, பின்னர்ச் சிறிது சிறிதாகக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். இந்நிலையில் படித்துறை யாருடையது, படகோட்டிகள் யாரிடம் முன்பணம் பெற்றவர்கள் என்பனவே வணிகப் போட்டியின் மையமாயின. கரிப்படுகை எவ்வளவு வளமுடையதாயினும் ஆற்றங்கரை கைவசமில்லாத சுரங்கத்தால் பயனில்லை. நிலத்தைக் கைப்பற்ற வேண்டும் என்னும் எண்ணம் நிலக்கரி நிறுவனங்களிடம் இப்படித்துறைப் போட்டியிலிருந்தே வேர்கொண்டது எனலாம்.

கார், தாகூர் கம்பெனி

அலெக்சாண்டர் அண்டு கம்பெனி 1832-இல் நொடித்தது. அதன் ராணிகஞ்ச் சுரங்கத்தை 1836-இல் 70,000 ரூபாய்க்கு வாங்கியவர் துவாரகநாத் தாகூர். கவிஞர் இரவீந்திரநாத் தாகூரின் பாட்டனாரான இவர், 1834-இல் வில்லியம் காருடன் சேர்ந்து கார், தாகூர் அண்டு கம்பெனியை நிறுவியிருந்தார். ஐரோப்பியரும் இந்தியரும் சமமான பங்காளிகளாக நடத்திய தொடக்ககால வணிக நிறுவனங்களுள் இது தலையாயது.

துவாரகநாத் வணிகர் மட்டுமல்லர், பெரும் ஜமீன்தாருமாவார். ஜமீன் நிர்வாகத்தில் பெற்ற பட்டறிவு சுரங்கத் தொழிலுக்கும் பயன்பட்டது. நாயப், கொமஸ்தா முதலிய ஜமீன் அலுவலர் முறை, ஊர்களைக் குத்தகைக்கு எடுத்தல், எல்லை வழக்குகளை நீதிமன்றத்தில் நடத்துதல் ஆகியன சுரங்க நிர்வாகத்தின் பகுதிகளாயின. இதற்குப் போட்டியாக விளங்கிய கில்மோர், ஹோம்ஃப்ரே நிறுவனத்துடன் படித்துறைகளையும் படகோட்டிகளையும் முன்னிட்டுப் பூசல்கள் நிகழ்ந்தன. இறுதியில் 1843-இல் இரு தரப்பும் இணைந்து பெங்கால் கோல் கம்பெனி உருவாயிற்று. ராணிகஞ்சை அடுத்த நாராயண்குரியில் தாமோதர்க் கரையோரம் காணப்படும் பழைய படித்துறைச் சிதைவுகள் இக்காலத்தின் எச்சங்களாகும்.

துவாரகநாத் 1846-இல் இலண்டனில் காலமானார். 1848-இன் தொடக்கத்தில் யூனியன் வங்கியின் வீழ்ச்சியுடன் கார், தாகூர் கம்பெனியும் சரிந்தது. பெங்கால் கோல் கம்பெனி மட்டும் நிலைத்து நின்றது. கல்கத்தாவின் வணிக நெருக்கடி எத்தனையோ நிறுவனங்களை அழித்தபோதும் இது பிழைத்தமைக்கு, அதன் கையிருப்பு காகிதப் பத்திரமாக இல்லாமல் நிலமாகவும் கரியாகவும் இருந்ததும் ஒரு காரணமாகலாம்.

இருப்புப்பாதையும் நகரமும்

1840-களில் டி. எச். வில்லியம்ஸ் என்பார் தாமோதர்ப் பள்ளத்தாக்கின் கரிப்படுகைகளை ஆராய அமர்த்தப்பட்டார். அவர்தம் மறைவுக்குப் பின் 1851-இல் தாமஸ் ஓல்டாம் பொறுப்பேற்க, இந்திய நிலவியல் ஆய்வுத்துறை உருவாயிற்று. ராணிகஞ்ச் படுகை முழுவதையும் டபிள்யூ. டி. பிளான்ஃபோர்டு அளந்து வரைந்தார். இன்று இந்திய நிலவியலில் வழங்கும் 'ராணிகஞ்ச்', 'பராகர்' என்னும் பாறை அடுக்குப் பெயர்கள் இவ்வட்டாரத்து ஊர், ஆற்றுப் பெயர்களிலிருந்து பிறந்தவையாகும். இந்தியாவின் நிலவியல் அறிவுத்துறையே பெருமளவு கரி தேடும் தேவையிலிருந்து தோன்றியது என்பது கருதத்தக்கது.

கிழக்கிந்திய இரயில்வேயின் முதற்பாதை ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை 1854 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 1855 பிப்ரவரி 3-ஆம் நாள் அது ராணிகஞ்சை எட்டியது. வட இந்தியாவை நோக்கிச் செல்ல வேண்டிய பாதையின் சோதனைப் பகுதி கரிச்சுரங்கத்தில் சென்று முடியுமாறு அமைக்கப்பட்டது தற்செயலன்று. இரயிலுக்குக் கரி வேண்டும். கரிக்கு இரயில் வேண்டும். மழைக்கும் வெள்ளத்திற்கும் காத்துக் கிடந்த கரி இனி எந்நாளும் கல்கத்தாவை அடையலாயிற்று. அதே 1855-இல் ஹூக்ளிக் கரையிலுள்ள ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தொடங்கப்பெற்றது. அடுத்த அரைநூற்றாண்டில் ஆற்றின் இருகரையிலும் எழுந்த ஆலைகளின் புகைபோக்கிகள் ராணிகஞ்சின் கரியை எரித்தன.

இதன் விளைவைச் சட்டங்களின் கால வரிசையிலும் காணலாம். கல்கத்தாவின் வானத்தைக் கரிப்புகை மூடுவதைத் தடுக்க 1863-இலேயே புகைத்தொல்லைச் சட்டம் இயற்றப்பட்டது. கரியை வெட்டுவோரின் பாதுகாப்புக்கான முதல் இந்தியச் சுரங்கச் சட்டம் 1901-இல்தான் வந்தது. எரியும் கரி நகரவாசிகளின் கண்ணுக்குத் தெரிந்தது. வெட்டப்படும் கரி அவர்தம் கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்விரு சட்டங்களுக்கிடையிலான 38 ஆண்டுகள், கல்கத்தாவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையிலிருந்த உண்மையான தொலைவைக் காட்டுவனவாகும்.

சுரங்கங்களை நடத்திய முடிவுகளும் கல்கத்தாவிலேயே எடுக்கப்பட்டன. பெங்கால் கோல் கம்பெனி 1908-இல் ஆண்ட்ரூ யூல் முகவாண்மை நிறுவனத்தின் நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1892-இல் தொடங்கப்பெற்ற இந்தியச் சுரங்க முதலாளிகள் சங்கமும் கல்கத்தாவையே தலைமையிடமாகக் கொண்டது. ஒரே முகவாண்மை நிறுவனம் சணல் ஆலை, தேயிலைத் தோட்டம், கரிச்சுரங்கம் மூன்றையும் நடத்துவது அக்கால வழக்கமாகும். இதனால் கரியை விற்பவரும் வாங்குபவரும் சில வேளைகளில் ஒருவரேயாயினர். கரியின் விலையைத் தாழ்வாக வைப்பதில் ஆலைகளுக்கிருந்த நாட்டம் சுரங்கத்தின் கூலியிலும் எதிரொலித்தது.

கம்பெனியின் ஜமீன்

1793-ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் வங்காளத்து ஜமீன்தார்களை நிலத்தின் உடைமையாளராக ஏற்றது. நிலத்தடிக் கனிமம் யாருக்குரியது என்பதை அத்திட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை. காலப்போக்கில் அவ்வுரிமை ஜமீன்தாருக்கே உரியதெனக் கொள்ளப்பட்டது. ஆகவே கரி எடுக்க விரும்பிய நிறுவனங்கள் அரசிடம் செல்ல வேண்டியதில்லை. ஜமீன்தாருக்கு 'சலாமி' என்னும் முன்தொகையும், எடுத்த கரிக்கு ராயல்டியும் செலுத்தி அடிநிலக் குத்தகை பெற்றன. பெங்கால் கோல் கம்பெனி இதற்கும் ஒருபடி மேலே சென்று ஊர்களின் ஜமீன் உரிமையையும், அதன்கீழ்ப்பட்ட பத்னி முதலிய குத்தகை உரிமைகளையும் வாங்கியது. இதனால் ஊரில் பயிரிடுவோர் கம்பெனியின் குடிகளாயினர்.

இவ்வுரிமை தொழிலாளரைப் பெறும் வழியாகவும் பயன்பட்டது. சுரங்க வேலைக்கு முதலில் வந்தோர் அப்பகுதியின் பாவுரி மக்களும் சந்தால் பழங்குடியினருமாவர். கூலிக்காக ஆண்டு முழுவதும் பூமிக்கடியில் வேலை செய்ய இவர்கள் விரும்பவில்லை. நடவுக்கும் அறுவடைக்கும் வயலுக்குத் திரும்பினர். இதனை நிர்வாகம் சோம்பல் என்று பழித்தது. உண்மையில் அவர்களுக்குச் சுரங்கம் துணைத்தொழிலாகவும் நெல்வயலே வாழ்வாகவும் இருந்தன. இதனை அறிந்த நிறுவனங்கள் வயலையே பிணைப்புக் கயிறாக்கின. குடும்பத்தில் இத்தனை பேர் இத்தனை நாள் சுரங்கத்திற்கு வரவேண்டும் என்னும் நிபந்தனையின்மேல் சிறு நிலம் வாடகையின்றியோ குறைந்த வாடகைக்கோ கொடுக்கப்பட்டது. வேலைக்கு வராவிடில் நிலம் போகும். ராணிகஞ்சிலும், கிழக்கிந்திய இரயில்வேக்குச் சொந்தமான கிரிதிச் சுரங்கங்களிலும் இம்முறை வழங்கியது.

தமிழக வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதியதன்று. தலையாரி, வெட்டியான் முதலியோர்க்கு ஊர்ப்பணிக்கு ஈடாக வழங்கப்பட்ட ஊழிய மானியத்தின் வடிவமே இது. ஊழிய மானியம் ஊருக்குச் செய்யும் பணியை நிலத்தோடு பிணைத்தது. நிலக்கரிக் கம்பெனி அப்பழைய வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஊரின் இடத்தில் தன்னை அமர்த்திக்கொண்டது. நீராவி இயந்திரமும் கூட்டுப்பங்கு நிறுவனமும் நவீனமானவை. அவற்றுக்கு ஆள் சேர்த்த முறையோ கிராமப் பழமையுடையது. தொழில்மயமாக்கம் பழைய உறவுகளைத் தகர்க்கும் என்னும் பொதுக்கருத்து ராணிகஞ்சில் பொருந்தவில்லை. அவ்வுறவுகளைத் தகர்ப்பதைவிடப் பயன்படுத்திக்கொள்வதே கம்பெனிக்கு ஆதாயமாயிருந்தது.

மேல்நிலத்தைப் பெற்றவனுக்கு அடிநிலத்தில் உரிமையுண்டா என்னும் கேள்வி நீதிமன்றங்களில் எழாமல் இல்லை. 1910-இலும் 1912-இலும் இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்புகள், வெளிப்படையாக வழங்கப்பட்டாலன்றிக் கனிமம் கீழ்நிலை உரிமையாளரைச் சேராது என உறுதிப்படுத்தின. இவற்றுள் பின்னது, அண்டையிலுள்ள ஜரியா ஜமீனில் காவல் பணிக்கு ஈடாக வழங்கப்பட்ட 'திக்வாரி' என்னும் மானியத்தைப் பற்றியது. காவலுக்குக் கொடுத்த நிலத்தில் மண் காவலனுக்கு, கரி ஜமீன்தாருக்கு என்பதே தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டுத் தலையாரி மானியத்தோடு ஒப்புநோக்கத்தக்க ஒரு நில உரிமை, கரியின் பொருட்டு இலண்டன் வரை சென்று இரண்டாகப் பிளக்கப்பட்டது.

தாவ்ராவும் பங்களாவும்

ராணிகஞ்ச் வட்டாரத்தில் திட்டமிட்ட ஒற்றை நகரம் எழவில்லை. ஒவ்வொரு சுரங்கமும் தனித்தனிக் குடியிருப்பாகச் சிதறிக் கிடந்தது. சுரங்க வாயிலை அடுத்து 'குட்டி' எனப்படும் அலுவலகம். சற்று உயரத்தில் மேலாளரின் பங்களா. தாழ்விடத்தில் 'தாவ்ரா' என வழங்கும் தொழிலாளர் வரிசை வீடுகள். அருகூர்ப் பாவுரிகளும் சந்தால்களும் தத்தம் ஊரிலிருந்தே வந்து சென்றமையால் வீடு கட்டும் செலவு கம்பெனிக்குத் தொடக்கத்தில் மிச்சமாயிற்று. பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கிய பின்னரே தாவ்ராக்கள் பெருகின. அவர்களைச் சேர்த்துக் கொணர்ந்தவர் சர்தார் எனப்பட்டனர். தோட்டத் தொழிலின் கங்காணியோடு இவரை ஒப்பிடலாம்.

ராணிகஞ்ச் ஊர் கரிச்சந்தையாகவும் வணிகர் நகரமாகவும் வளர்ந்து 1876-இல் நகராட்சியாயிற்று. இருப்புப்பாதை மேற்கே நீண்டபின் சந்திப்பு நிலையமான ஆசன்சோல் முந்திச் சென்றது. உட்கோட்டத் தலைமையிடமும் 1906-இல் அங்கு மாற்றப்பட்டது. 1890-களில் ஜரியா இரயில் தொடர்பைப் பெற்றதும் கரி உற்பத்தியிலும் ராணிகஞ்ச் தன் முதலிடத்தை இழந்தது. 1900-இல் ஏறத்தாழ 61 இலட்சம் டன்னாக இருந்த இந்திய நிலக்கரி உற்பத்தி 1920-இல் 1.8 கோடி டன்னானபோது அதன் பெரும்பங்கு ஜரியாவினுடையது.

சுரங்கத்தினுள் வேலை குடும்ப வேலையாக நடந்தது. கணவன் கரியை வெட்ட, மனைவி கூடையில் சுமந்து தொட்டியில் சேர்த்தாள். டன் கணக்கில் கூலி அளக்கப்பட்டதால் இருவர் உழைப்பும் ஒரே கணக்கில் அடங்கியது. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதை 1929-ஆம் ஆண்டின் விதிகள் தடை செய்தன; வங்காள, பீகார் நிலக்கரிச் சுரங்கங்களில் அது படிப்படியாகச் செயற்படுத்தப்பட்டு 1930-களின் இறுதிக்குள் நிறைவேறியது. இரண்டாம் உலகப்போரில் கரிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் 1943-இல் தடை விலக்கப்பட்டது. 1946-இல் மீண்டும் விதிக்கப்பட்டது. பெண்ணின் நலன் கருதி எழுந்ததாகச் சொல்லப்பட்ட தடை, கரியின் தேவைக்கேற்ப நீங்கியும் திரும்பியும் வந்தது. தடைக்குப் பின் இழந்த கூலிக்கு ஈடு ஏதும் குடும்பத்திற்குக் கிட்டவில்லை. குடும்பமாக உழைத்த பாவுரி, சந்தால் மக்களின் இடத்தைத் தனியராக வந்த வெளிமாநில ஆண்கள் நிரப்புவதற்கு இதுவும் வழிவகுத்தது.

கோலார் தங்கவயலுடன் ஓர் ஒப்பீடு

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880-இல் பொறுப்பேற்றபோது அவ்விடம் மக்கள் அருகிய மேட்டுநிலம். நிலம் மைசூர் அரசிடமிருந்து குத்தகைக்குப் பெறப்பட்டது. ஆட்கள் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் நிலமில்லாமையே அவர்களைத் தங்கவயலுக்கு அனுப்பியது. அங்கும் அவர்களுக்கு நிலம் இல்லை. மூங்கில் தட்டிக் குடிசையும் கூலியும் மட்டுமே கிட்டின. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வந்தபோது அது சுரங்க இயந்திரங்களுக்காகவே வந்தது.

இருவகைக் குடியிருப்புகளின் வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. ராணிகஞ்சில் தொழிலாளர் ஏற்கெனவே வாழ்ந்த நிலத்தைக் கம்பெனி வாங்கியது; கோலாரில் கம்பெனி பெற்ற நிலத்திற்குத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். முன்னதில் மக்களைப் பிணைத்தது வயல். பின்னதில் கூலியும் கடனும். வயலோடு பிணைந்தவர் ஊர்ச் சாதி உறவுகளுக்குள்ளேயே இருந்தனர். வயலை விட்டு வந்தவர் ஒரே இடத்தில் பல்லாயிரவராகத் திரண்டு, மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டனர். அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ் அவருக்குப் பின் தங்கவயலில் மறுபிறவி எடுத்தது, ஜி. அப்பாதுரையார் அதனை நடத்தினார். 1930-இல் பெருவிரல் ரேகைப் பதிவுக்கு எதிராகத் தொழிலாளர் ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்தனர்.

இலக்கியப் பதிவிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. தங்கவயல் தொழிலாளர் தம் மொழியில் அச்சேறிய இதழை உடையராயிருந்தனர். சந்தால் மொழிக்கெனப் பண்டித ரகுநாத் முர்மு 'ஒல் சிக்கி' எழுத்தை உருவாக்கியதே 1925-இல்தான். ராணிகஞ்சின் சுரங்கத் தொழிலாளர் அச்சிட்ட இலக்கியத்தில் முதன்முதலாகப் பரவலாக இடம்பெற்றது சைலஜானந்த முகோபாத்யாயின் (1901–1976) வங்கச் சிறுகதைகளிலாகும். ராணிகஞ்சில் பயின்ற இவர் 1920-களில் எழுதிய 'கயலாகுட்டி' என்னும் கதையும் அதனைத் தொடர்ந்தவையும் சந்தால்களையும் பாவுரிகளையும் கதைமாந்தராக்கின. இவருடைய இளமைத் தோழரான கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் (பிறப்பு 1899) இதே கரிவட்டாரத்துச் சுருலியாவில் பிறந்து, ராணிகஞ்சின் சியார்சோல் பள்ளியில் பயின்றவர். வங்க இலக்கியத்திற்கு இவ்வட்டாரம் அளித்த கொடை பெரிது. ஆயினும் வெட்டியவரின் குரல் பிறர் எழுத்தின் வழியே நமக்கு வந்து சேர்கிறது என்பதையும் மறத்தலாகாது.

நாட்டுடைமையும் சரியும் நிலமும்

கரிப்படுகையில் அறைகளைக் குடைந்து, இடையிடையே கரித்தூண்களை விட்டுக் கூரையைத் தாங்கச் செய்வதே ராணிகஞ்சில் பெரிதும் கையாளப்பட்ட முறை. படுகைகள் பல ஆழம் குறைந்தவை. விலை உயர்ந்த காலங்களில் விட்ட தூண்களையும் வெட்டி எடுத்தனர். தூண் போனபின் குடைவை மணலால் நிரப்ப வேண்டும்; அதற்குச் செலவாகும். 1939-இல் மணல் நிரப்புதல் தொடர்பான தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கரியைச் சுமந்து சென்ற தாமோதர் அக்குடைவுகளை நிரப்பும் மணலையும் கொடுத்தது. ஆயின் பழைய சுரங்கங்கள் பலவற்றுக்கு வரைபடமே இல்லை. எங்கே நிரப்புவது என்பது தெரியாமற் போயிற்று.

விபத்துகள் தொடர்ந்தன. 1936 டிசம்பரில் போய்டி சுரங்க வெடிப்பில் 209 பேரும், 1958 பிப்ரவரியில் சினாகுரி சுரங்க வெடிப்பில் 170-க்கும் மேற்பட்டோரும் இறந்தனர். 1989 நவம்பரில் ராணிகஞ்சின் மகாபீர் சுரங்கத்தில், பழைய குடைவில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. உள்ளே சிக்கிய 71 பேருள் 6 பேர் மாண்டனர். மேலிருந்து துளையிட்டு, ஒருவர் மட்டுமே நிற்கத்தக்க இரும்புக்கூண்டை இறக்கி, பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே உள்ளிறங்கி எஞ்சிய 65 பேரையும் ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். போற்றத்தக்க அம்மீட்பின் பின்னணியில், முன்னோர் விட்டுச்சென்ற குடைவில் நின்ற நீரே பின்னோரை மூழ்கடித்தது என்னும் உண்மையும் உள்ளது.

1950-களில் ஜமீன்தாரி முறை ஒழிக்கப்பட்டது. 1973 மே மாதத்தில் ராணிகஞ்ச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1975-இல் சாங்க்டோரியாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் தோன்றியது. அதன் தாய் நிறுவனமான கோல் இந்தியா கொல்கத்தாவிலேயே அமைந்தது. கூலியும் பணிப்பாதுகாப்பும் நாட்டுடைமைக்குப் பின் பெரிதும் உயர்ந்தன என்பது மறுக்கவியலாதது. ஆனால் அரசு ஏற்றுக்கொண்டது சுரங்கங்களை மட்டுமன்று. இருநூறு ஆண்டுக் குடைவுகளையும் சேர்த்தே ஏற்றது.

ராணிகஞ்ச் வட்டாரத்தில் வீடும் தெருவும் வயலும் உள்ளிறங்குவதும், நிலத்தடித் தீயால் வெடிப்புகளினின்று புகை எழுவதும் இன்றளவும் தொடர்கின்றன. இவ்வட்டாரத்திற்கும் ஜரியாவிற்குமான மறுகுடியமர்வுப் பெருந்திட்டத்தை நடுவணரசு 2009 ஆகஸ்டில் ஏற்றது. பத்தாண்டுகளில் முடிய வேண்டிய அப்பணியின் பெரும்பகுதி காலக்கெடுவுக்குள் நிறைவேறவில்லை. மாற்றுவீடு கோரும் குடும்பத்திடம் முதலில் கேட்கப்படுவது நிலப்பட்டா. கம்பெனியின் ஜமீனில் வேலைக்கு ஈடாக நிலம் பெற்றவர், தாவ்ராவில் பிறந்து வளர்ந்தவர், சுரங்கம் மூடியபின் அங்கேயே தங்கியவர் ஆகியோரிடம் காட்டுவதற்குப் பட்டா எங்ஙனம் இருக்கும்? மேல்நிலம் வேறு, அடிநிலம் வேறு எனச் சட்டம் பிரித்து வைத்தது; மண்ணோ அப்பிரிவினையை ஏற்காமல் சரிகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தாமோதரின் படித்துறைகளுக்கான போட்டி, நிலத்தைக் கைப்பற்றும் நாட்டத்தை நிலக்கரி நிறுவனங்களிடம் விதைத்தது. நிரந்தர நிலவரித் திட்டம் அந்நாட்டத்திற்குச் சட்ட வடிவம் தந்தது. ஊழிய மானியத்தை ஒத்த பழைய உறவைப் பயன்படுத்தி, நிலத்தைக் கொடுத்து உழைப்பைப் பெற்ற முறையால் ராணிகஞ்சின் குடியிருப்புகள் கோலார் தங்கவயலினின்றும் வேறுபட்டன. 2001-இல் தங்கவயல் மூடப்பட்டபோது அங்குத் தொழிலாளர் இழந்தது வேலை. அவர்தம் இருப்பிட உரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. ராணிகஞ்சிலோ வேலை பலர்க்கு நீடித்திருந்தும் காலடி நிலமே இல்லாமற் போகிறது.

சுரங்கக் குடியிருப்புகளின் வரலாற்றை எழுதுவோர் கூலிப் பதிவேடுகளோடு நிலப் பதிவேடுகளையும் ஆராய்தல் வேண்டும். அது பழமையை அறிதற்கு மட்டுமன்று. இன்று மாற்றுவீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பம் எந்த ஏற்பாட்டின்கீழ் அங்கு வந்து குடியேறியது என்பதற்கு அப்பதிவேடுகளே சான்றாக நிற்க வல்லன. கொல்கத்தாவின் ஆலைகள் பல இன்று மூடிக்கிடக்கின்றன. அவை எரித்த கரி வெட்டியெடுக்கப்பட்ட இடத்தின் வெறுமை மட்டும் ராணிகஞ்சின் வீடுகளுக்கடியில் நிரப்பப்படாமல் உள்ளது.